பெறுபேற்றுப் பட்டியலை வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

இலங்கையில் பதினோராம் தரப் பிள்ளைகள் எழுதும் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறு வந்த அன்றிரவே எங்கள் பக்கத்துப் பாடசாலை ஒன்றின் முழுப் பட்டியலும் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்துவிட்டது. கணினித் திரையைப் போனில் படம் பிடித்துப் போட்டிருக்கிறார்கள். சுட்டெண், முழுப் பெயர், ஒன்பது பாடத்துக்கும் கிடைத்த பெறுபேறு எல்லாம் அதில் இருந்தன, கணிதத்தில் டபிள்யூ எடுத்த, அதாவது சித்தியடையாத, பிள்ளைகளின் பெயருக்கு யாரோ சிவப்பு வட்டம் வேறு போட்டிருந்தார்கள். மறுநாள் காலை பாண் வாங்கப் போன என் அக்காவின் மகளிடம் கடைக்காரர் "என்ன புள்ள, கணக்கு விட்டுட்டியாமே" என்று கேட்டிருக்கிறார். அவர் அக்கறையில் கேட்டவர்தான். ஆனால் கத்தாரில் வேலை செய்யும் அவளுடைய வாப்பாவுக்கு அவள் வாயால் சொல்வதற்கு முதலே அந்தப் படம் போய்ச் சேர்ந்திருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

பாடசாலைப் பெறுபேறுகளை மொத்தமாகப் பார்ப்பதற்கு அதிபர்மாருக்குப் பரீட்சைத் திணைக்களம் தனியாகக் கடவுச்சொல் கொடுக்கிறது. பிள்ளையை உயர்தரத்துக்குச் சேர்க்க, மீள்பரிசீலனைக்கு வழி சொல்ல, எந்தப் பாடத்தில் பாடசாலை பின்தங்குகிறது என்று பார்க்க அது தேவை, சரி. அந்த வேலைக்காகக் கொடுத்த அதிகாரம் அந்த வேலையோடு நிற்கவேண்டும். திரையைப் பார்க்கக் கிடைத்தது என்பதற்காக அதை ஊருக்குக் காட்டும் உரிமை யாருக்கும் வந்துவிடாது. அதிபர் தானே போடவில்லை, பக்கத்தில் நின்றவர் எடுத்துவிட்டார் என்றாலும் பொறுப்பு கடவுச்சொல்லை வைத்திருந்தவருடையதுதான்.

இதைக் கேட்டால் இரண்டு பதில் வருகிறது. பாடசாலை மக்கள் பணத்தில் நடக்கிறது, மக்கள் அறியத்தானே வேண்டும் என்பது ஒன்று. அது நியாயமான கேள்வி. எத்தனை பேர் தோற்றினார்கள், எத்தனை பேர் சித்தி, கணிதத்தில் எத்தனை வீதம் என்பதைப் பாடசாலை வாசலிலேயே ஒட்டட்டும், நானும் போய்ப் பார்ப்பேன். பிள்ளைகளின் பெயர் எதற்கு? அரச அலுவலகங்களைக் கேள்வி கேட்க நமக்கு வழி திறந்த 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டமே, பொதுநலனோடு தொடர்பில்லாத தனிப்பட்ட விபரத்தைக் கொடுக்க மறுக்கலாம் என்கிறது. 2022இல் தனிப்பட்ட தரவுகளின் பாதுகாப்புக்கென்று 9ஆம் இலக்கச் சட்டமும் நிறைவேறியிருக்கிறது.

மற்றப் பதில், ரோசம் வந்தால்தான் பிள்ளைகள் படிக்கும் என்பது. படிப்பித்து அனுபவமுள்ளவர்களே இப்படிச் சொல்வது எனக்குக் கவலையாக இருக்கிறது. பிள்ளையைக் கூப்பிட்டு இருத்தி, எங்கே விட்டாய், அடுத்த முறை எழுதலாம், இல்லாவிட்டால் தொழிற்பயிற்சிக்குப் போகலாம் என்று விளங்கப்படுத்தினால் அது கேட்கும். ஊர் முன்னால் நிறுத்தினால் ஒளிந்துகொள்ளும், சில பிள்ளைகள் இரண்டாம் முறை விண்ணப்பிக்கவே மாட்டார்கள். அதே பட்டியலில் ஒன்பது ஏ எடுத்த பிள்ளைக்கு டியூஷன்காரர் படத்தோடு பேனர் கட்டுகிறார், அந்தப் படத்துக்குக்கூடத் தாய் தகப்பனிடம் ஒரு வார்த்தை கேட்பதில்லை.

குடியியற் கல்வியில் அதிகாரம், உரிமை, கடமை, நீதி என்று பாடமாக்கி எழுதிய பிள்ளைகள்தான் இவர்கள். அந்தப் பாடத்துக்கு என்ன கிடைத்தது என்பதும் அந்தப் படத்தில் இருந்தது.

கல்முனை, அக்கரைப்பற்று, சம்மாந்துறை, திருக்கோவில், பட்டிருப்பு என்று நம் பக்கத்து வலயக் கல்விப் பணிப்பாளர்கள் அடுத்த பெறுபேறு வருவதற்கு முதல் அதிபர்மாருக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பவேண்டும். பெறுபேற்றைப் பிள்ளையிடமோ பெற்றோரிடமோ தனியாகக் கொடுங்கள், பெயர்ப் பட்டியலை வெளியே விடாதீர்கள், மீறினால் விசாரணை உண்டு என்று அதில் எழுதியிருந்தால் போதும். வாட்ஸ்அப் குழுக்களை நடத்துகிறவர்கள் சுற்றறிக்கைக்குக் காத்திருக்கத் தேவையில்லை, அப்படிப் படம் வந்தால் உடனே அழித்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அக்கரைப்பற்று.