மதினி பட்டினி கிடந்த ஒன்றரை மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் உங்கள் ஞாயிறு இணைப்பில், திருவனந்தபுரத்திலிருந்து வெளிநாட்டு நகரங்களுக்கு உள்ள தூரத்தையும் விமானப் பயண நேரத்தையும் கட்டம் கட்டி வெளியிட்டிருந்தீர்கள். துபாய்க்கு 2 மணி 30 நிமிடம் என்று இருந்தது. அது தவறு. ஏறத்தாழ நான்கு மணி நேரம் ஆகும்.

என் மதினி அந்தக் கட்டத்தை வெட்டிக் கைப்பையில் வைத்துக்கொண்டார். மகளின் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறினார். அவருக்குச் சர்க்கரை நோய். காலை பத்து மணி விமானம் என்பதால் விடியுமுன் புட்டும் பயறும் தின்று, மாத்திரையும் போட்டுக்கொண்டு தூத்தூரிலிருந்து கிளம்பினார். இரண்டரை மணி நேரம்தானே, இறங்கி மகள் வீட்டில் சாப்பிடலாம் என்று விமானத்தில் உணவுக்குப் பணம் கட்டவில்லை. இறங்கியபோது அங்கே பன்னிரண்டரை. அவர் உடம்புக்கோ மணி இரண்டு. குடியேற்றச் சோதனை வரிசையில் கண் இருண்டு உட்கார்ந்துவிட்டார். பின்னால் நின்ற ஒரு பையன் கொடுத்த பிஸ்கட்தான் காப்பாற்றியது. அவன் நன்றாக இருக்கட்டும்.

தவறு எங்கே நேர்ந்திருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. டிக்கெட்டில் புறப்படும் நேரம் நம் நாட்டு நேரம். சேரும் நேரம் துபாய் நேரம். அவர்கள் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். ஒன்றிலிருந்து மற்றதை அப்படியே கழித்தால் அந்த ஒன்றரை மணி நேரம் கணக்கில் விழாது. திரும்பி வரும் டிக்கெட்டில் இப்படிக் கழித்தால் அதே பயணம் ஐந்தரை மணி நேரமாகிவிடும்.

ஆழ்கடல் விசைப்படகு ஓட்டியவன் நான். தூரத்தை வேகத்தால் வகுத்துப் பார்க்காமல் டீசல் ஏற்றியதில்லை. துபாய் நேர்கோட்டில் ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். எங்கள் கணக்கில் 1,600 கடல் மைலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டரை மணி நேரத்தில் அங்கே போக மணிக்கு 1,180 கிலோமீட்டர் வேகம் வேண்டும். பயணிகள் விமானம் உயரத்தில் 850, 900 கிலோமீட்டர் வேகத்தில்தான் பறக்கிறது. ஏறும்போதும் இறங்கும்போதும் அதுவும் இல்லை. தூரம் அதே கட்டத்தில் பக்கத்திலேயே இருந்தது. ஒருமுறை வகுத்துப் பார்த்திருக்கக் கூடாதா?

நம் மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. வளைகுடாவுக்குப் போகும் எங்கள் பிள்ளைகளுக்குத் திருவனந்தபுரம்தான் வாசல். நாகர்கோவில்காரர்கள் சுமார் 70 கிலோமீட்டர் சாலையில் வந்து, மூன்று மணி நேரம் முன்னதாகவே உள்ளே போய் உட்கார வேண்டும். பங்குனியிலும் ஐப்பசியிலும் பத்மநாபசுவாமி கோயில் ஆராட்டு ஊர்வலம், சாமியைக் கடலில் நீராட்டக் கொண்டுபோகும் வழியில், ஓடுபாதையைக் கடக்கும் நாட்களில் சில மணி நேரம் விமானங்களே நிற்கும். இதையெல்லாம் கணக்கிட்டுத்தான் நாங்கள் சோறும் மருந்தும் கட்டிக்கொள்கிறோம்.

இனி கட்டம் போடும்போது பறக்கும் நேரத்தைத் தனியாகவும், சேரும் நேரத்தை எந்த ஊர் நேரம் என்று குறித்தும் போடுங்கள். திருத்தத்தை ஒரு மூலையில் ஒதுக்காமல், தவறு வந்த அதே பக்கத்தில், அதே அளவில் வெளியிடுங்கள். மதினி அடுத்த மாதம் திரும்புகிறார். அதற்கு முன்பே வந்தால் நல்லது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற விசைப்படகு ஓட்டுநர்,
தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்.