அட்டையில அறிவியல், உள்ள மதப் பிரச்சாரமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சின்னப் பசங்களுக்குன்னு வர்ற சில படப் புத்தகங்களைப் பார்த்தா எரிச்சலா வருது சார். அட்டையில குட்டி விஞ்ஞானிகளுக்குன்னு போட்டு பளபளன்னு டைனோசர் படம் இருக்கும், நம்மளும் சயின்ஸ் புக்குதானேன்னு நம்பி வாங்கிக் குடுத்துடுவோம், உள்ள புரட்டினா டைனோசர் முதுகுல சேணம் கட்டி ஒரு பையன் ஜாலியா சவாரி போயிட்டு இருக்கான். டைனோசருங்க அழிஞ்சு (பறவைகளை விட்டுடுங்க) 6.6 கோடி வருஷம் ஆச்சு, மனுஷன் வந்து சுமார் 3 லட்சம் வருஷம்தான், அப்புறம் ரெண்டு பேரும் எங்க சந்திச்சாங்கன்னு யோசிச்சா, பூமிக்கே வயசு 6000தான்னு அடுத்த பக்கத்துல அடிச்சு விடுறாங்க. கடைசில க்விஸ் வேற. இதை உண்டாக்கினது யாருன்னு கேள்வி, சரியான விடை ஒண்ணே ஒண்ணுதான், எழுதினா ஸ்டிக்கர் ஒட்டிக்கலாம்.

ஒரு மதத்தை மட்டும் சொல்லல. எங்க புனித நூல்லயே விமானத்துல இருந்து அணு வரைக்கும் எல்லாம் அப்பவே சொல்லியாச்சுன்னு குழந்தைங்களுக்கு கலர் கலரா அடிச்சு விக்கிறவங்களும் இதே ரகம்தான்.

நான் சாமி இல்லைன்னு சண்டை போடுற ஆள் இல்ல. சாமி கதையை சாமி கதைன்னே சொல்லிக் குடுங்க, யார் வேணாம்னா. அதுக்கு எதுக்கு சயின்ஸ் வேஷம்? 1996லயே போப் இரண்டாம் ஜான் பால் பரிணாமக் கொள்கை வெறும் அனுமானம் இல்லன்னு சொல்லிட்டாரு, அப்ப இவங்க யாருக்காக இந்தப் பாடு படுறாங்கன்னு தெரியல.

அமெரிக்காவுல டோவர்னு ஒரு ஊர்ல இதே மாதிரி ஒரு புக்கை 9ஆம் கிளாஸ் பசங்களுக்கு சிபாரிசு பண்ணப் போய் 11 பெற்றோர் கேஸ் போட்டாங்க. அந்த புக்கோட பழைய கைப்பிரதிகளை எடுத்துப் பார்த்தா, படைப்புன்னு இருந்த இடத்துல எல்லாம் அறிவார்ந்த வடிவமைப்புன்னு (ஏதோ ஒரு அறிவு திட்டம் போட்டு உயிர்களை உண்டாக்குச்சுங்கிற வாதம்) மாத்தி வச்சிருக்காங்க, அதுவும் படைப்புவாதத்தை, அதாவது உயிர்களைக் கடவுளே நேரா படைச்சாருங்கிற கருத்தை, அரசுப் பள்ளிக்கூடத்துல சயின்ஸா நடத்தச் சொல்ற சட்டம் செல்லாதுன்னு 1987ல அமெரிக்க சுப்ரீம் கோர்ட் சொன்னதுக்கு அப்புறம்! 2005ல ஜட்ஜ் இது அறிவியலே இல்ல மதம்னு தீர்ப்பு குடுத்தாரு. சரி, அது பள்ளிக்கூடம், கேக்க ஆள் இருந்தாங்க. 5 வயசுக் குழந்தைக்கு கிஃப்டா வர்ற புக்கை எந்தக் கோர்ட் பாக்கும்? அந்த வயசுல பெரியவங்க குடுத்தா அது நெசம், அவ்ளோதான். 1989ல ஐநா கொண்டு வந்த குழந்தை உரிமை ஒப்பந்தத்துல பெத்தவங்க வழிகாட்டலாம்னு இருக்கு, ஆனா அதே 14ஆம் பிரிவுலதான் குழந்தைக்கும் சிந்தனைச் சுதந்திரம் இருக்குன்னும் சொல்லியிருக்கு, அதை யாரும் படிக்கிறதே இல்ல போல.

பதிப்பகங்க அட்டையிலயே இது மத நூல்னு போடட்டும், வேணுங்கிறவங்க வாங்கிக்கட்டும். நீங்களும் சிறுவர் பகுதியில புத்தக அறிமுகம் போடுறதுக்கு முன்னாடி நாலு பக்கம் உள்ள புரட்டிப் பார்த்துடுங்க சார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்