அக்கா மகளுக்கு, உரிமத்தில் இருக்கும் இரண்டாவது தேதியைப் பற்றி

அன்புள்ள பாப்பா,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய உரிமத்தைப் பார்த்தேன். அதற்கு முன்பே உன் அம்மா அதைச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அனுப்பிவிட்டாள். ராயக்கோட்டைச் சித்தப்பா போன் செய்து, "பாப்பா லாரி லைசென்ஸ் எடுத்திருக்குதா?" என்று கேட்டார். அவருக்கு ஹாம் ரேடியோ என்றால், உரிமம் வாங்கிச் சொந்த ரேடியோ செட்டில் பொழுதுபோக்காகப் பேசுவது என்று விளக்கி முடிப்பதற்குள் என் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது. சரி, அவரை விடு. நம் குடும்பத்தில் எனக்கு அப்புறம் ரேடியோவில் நாம் யார் என்று சொல்லும், வி.யு. என்று தொடங்கும் அழைப்புக்குறி வாங்கியவள் நீ. ஓசூரில் ராத்திரி பஸ் ஏறி, சென்னையில் தேர்வு எழுதி, அடுத்த ராத்திரி பஸ்ஸில் திரும்பி வந்து காலையில் கல்லூரிக்கும் போனாயாமே. உன் அம்மா சொல்லும்போது குரல் கொஞ்சம் கம்மியது.

இந்தக் கடிதத்தை உனக்கு மட்டும் அனுப்பாமல் ஊர் பார்க்க எழுதுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதே. இதில் என் மானம் போன கதையும் இருக்கிறது. அதை உனக்கு மட்டும் சொன்னால் சிரித்துவிட்டு மறந்துவிடுவாய்.

உன் உரிமத்தில் இரண்டு தேதிகள் இருக்கின்றன. வழங்கிய தேதியை நீ வட்டம் போட்டு, பக்கத்தில் ஒரு பட்டாசு பொம்மையும் ஒட்டி அனுப்பியிருந்தாய். முடிகிற தேதியின் மேல் உன் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கிறது. 1,000 ரூபாய் கட்டி 20 ஆண்டுக்கு எடுத்திருக்கிறாய். 2,000 கட்டியிருந்தால் 80 வயது வரை கவலை இல்லை. அந்த ஆயிரத்தை மிச்சம் பிடித்து என்ன வாங்கினாய் என்று எனக்குத் தெரியும், உன் அம்மாவிடம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த உரிமம் முடியும்போது உனக்கு 41 வயது. இன்றைக்கு நீ வைத்திருக்கும் எந்த நோட்டில், எந்த போனில் அந்தத் தேதியை எழுதி வைத்தாலும் அது அன்றைக்கு உன் கையில் இருக்குமா?

என் கதைக்கு வருகிறேன்.

நான் உரிமம் வாங்கியது 2003இல். அப்போது ஐந்தாண்டு உரிமம். டி.வி. ரிப்பேர் கடை பென்னாகரத்தில் இருந்தது, வீடும் அங்கேதான். சுற்றியிருந்த காடுகளில் அதிரடிப்படை வீரப்பனைத் தேடிக்கொண்டிருந்த காலம் அது. அந்த நேரத்தில் ஒருவன் தென்னைமரத்துக்கும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்கும் நடுவில் 66 அடிக்குச் செம்புக் கம்பி இழுத்துக் கட்டினால் ஊர் சும்மா இருக்குமா? 40 மீட்டர் அலைவரிசைக்கு டைபோல் ஆண்டெனா என்றால் அந்த நீளம் வேண்டும் என்று டீக்கடையில் விளக்கிப் பார்த்தேன். "காட்டுக்குப் பேசறதுக்கா?" என்று கேட்டார்கள். வாரத்துக்கு ஒருவராவது வந்து விசாரிப்பார், சிலர் சீருடையில், சிலர் லுங்கியில். அதனால் உரிமத்தை லேமினேட் செய்து சட்டைப் பையிலேயே வைத்திருந்தேன். யாராவது கேட்டால் உடனே எடுத்து நீட்டுவேன். முடியும் தேதி எனக்கு மனப்பாடம், ஏனென்றால் கேட்கிறவர்கள் எல்லாரும் முதலில் அந்தத் தேதியைத்தான் பார்ப்பார்கள்.

2004 அக்டோபர் 18ஆம் தேதி பாப்பாரப்பட்டி பக்கம் வீரப்பன் சுட்டுக்கொல்லப்பட்டான். கொஞ்ச நாளில் கெடுபிடி குறைந்தது. என் கம்பியைப் பற்றிக் கேட்க யாரும் வரவில்லை. காக்கா உட்கார்ந்தால் மட்டும் உன் அத்தை விரட்டுவாள். லேமினேட் செய்த உரிமம் சட்டைப் பையிலிருந்து கடை மேசை டிராயருக்குப் போனது, டிராயரிலிருந்து வீட்டு பீரோவுக்குப் போனது, பீரோவில் உன் அத்தையின் பட்டுப்புடவைகளுக்கு அடியில் போனது. விசாரிக்க ஆள் வந்த வரைக்கும் தேதி ஞாபகம் இருந்தது. நிம்மதி வந்தது, ஞாபகம் போய்விட்டது.

2009 பொங்கலுக்கு, போகிக்கு முந்தின நாள், எரிக்க வேண்டிய பழைய காகிதங்களை அத்தை ஒரு சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். "இந்த பிளாஸ்டிக் அட்டை வேணுமா, நெருப்புல போட்டா நாறும்" என்று நீட்டினாள். என் உரிமம். 2008 பிப்ரவரியோடு முடிந்திருந்தது.

பதினோரு மாதம்! அந்தப் பதினோரு மாதமும் நான் பேசிக்கொண்டிருந்தேன் பாப்பா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட விட்டதில்லை.

இதில் என்ன சூது என்றால், செட்டுக்கு எதுவும் தெரியாது. கரண்ட் பில் கட்டாவிட்டால் ஃபியூஸைப் பிடுங்கிவிடுவார்கள். ரீசார்ஜ் செய்யாவிட்டால் போன் ஊமையாகிவிடும். டிரான்ஸ்மிட்டர் அப்படி இல்லை. உரிமம் முடிந்த மறுநாளும் மைக்கை அழுத்தினால் அதே சிவப்பு விளக்கு எரியும், அதே வாட் போகும், எதிர்முனையில் அதே மாதிரி 'நன்றாகக் கேட்கிறது' என்பார்கள். நிறுத்த வேண்டியவள் நீ ஒருத்திதான். அப்போது நடப்பில் இருந்த 1933ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கம்பியில்லாக் கருவியைக் கையில் வைத்திருப்பதே குற்றம், பேசுவது இருக்கட்டும். இன்னொன்று, ஒவ்வொரு முறை பேசத் தொடங்கும்போதும் அழைப்புக்குறியைச் சொல்கிறோம் இல்லையா? அரசாங்கம் கொடுத்த பெயர் அது. கெடு முடிந்த பிறகு அதைச் சொல்வது, வேலையை விட்டு நின்றவன் பழைய ஆபீஸ் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு திரிகிற மாதிரி. பதினோரு மாதமாக நான் அப்படித்தான் திரிந்திருக்கிறேன்.

அன்று ராத்திரி, யாரோடு எப்போது பேசினேன் என்று எழுதி வைக்கும் லாக் புத்தகத்தை எடுத்து, 2008 மார்ச் முதல் எழுதிய ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் சிவப்பு மையில் கோடு போட்டேன். கோடு போட்டுக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். கண்டியிலிருந்து ஒரு பெரியவர். நவம்பரில் ஒரு மாலை, மழை இரைச்சலுக்கு நடுவில் கிடைத்தார். முழுக்கத் தமிழில் இருபது நிமிடம் பேசினோம், பாதிப் பேச்சு பலாக்கொட்டைக் குழம்பைப் பற்றி. அவருடைய கியூ.எஸ்.எல். அட்டை தபாலில் வந்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தது. பேசியதற்கு அத்தாட்சியாக நான் பதில் அட்டை அனுப்ப வேண்டும். எந்த முகத்தோடு அனுப்புவது? செல்லாத பெயரில் பேசிய பேச்சுக்கு அத்தாட்சி எழுதினால் அது பொய்ச்சாட்சி ஆகாதா? நடந்ததை விளக்கி ஒரு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அந்த வரிக்கும் கோடு போட்டுவிட்டேன்.

மறுநாள் மைக்கைக் கழற்றி உன் அத்தையிடம் கொடுத்து, "நான் கெஞ்சினாலும் கொடுக்காதே" என்றேன். அவள் அதைத் துணியில் சுற்றி ராகி டிரம்முக்குள் போட்டு மூடி, மேலே ஆட்டுக்கல் குழவியை வைத்தாள். நான் டி.டி. எடுத்து, விண்ணப்பத்தோடு தொலைத்தொடர்புத் துறையின் டெல்லி சஞ்சார் பவனுக்கு ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன்.

காத்திருந்த மாதங்களைப் பற்றித்தான் உனக்கு முக்கியமாகச் சொல்ல நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் 7 மெகாஹெர்ட்ஸில் நெட் கூடும், ஹாம்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து பேசும் கூட்டம் அது. நடத்துகிறவர் ஒவ்வோர் அழைப்புக்குறியாகக் கூப்பிட்டு வருவார். அவரவர் ஊரில் மழை உண்டா, உடம்பு எப்படி என்று ஒரு வாய் சொல்லிவிட்டுப் போவார்கள். கேட்பதைத் தவிர எனக்கு வேறு வேலை இல்லை. என் பெயர் வரும். இரண்டு முறை கூப்பிடுவார். கொஞ்சம் இடைவெளி விடுவார், அந்த இடைவெளியில் வெறும் இரைச்சல் மட்டும் ஓடும். அப்புறம் அடுத்த பெயர். நாலாவது வாரம் ஒருவர், "தருமபுரிக்காரருக்கு என்ன ஆச்சு, யாராவது போன் பண்ணிப் பார்த்தீங்களா?" என்று கேட்டார். ஒரு ஹாம் செத்துப்போனால் 'சாவி அமைதியானது' என்று சொல்வது எங்கள் வழக்கம், தந்தி அடிக்கும் மோர்ஸ் சாவியை வைத்து வந்த பேச்சு. என்னை அந்தக் கணக்கில் சேர்த்துவிட்டார்களோ என்று நினைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். போன் செய்து உண்மையைச் சொல்ல வெட்கம். கடைசியில் சொன்னேன். சிரித்தார்கள். சிரித்தவர்களில் இரண்டு பேர் அன்றைக்குச் சாயங்காலமே தங்கள் உரிமத்தைத் தேடி எடுத்துப் பார்த்தார்களாம்.

ஆடி பிறந்துதான் புது உரிமம் வந்தது. பதினெட்டாம் பெருக்குக்கு ஊரே ஒகேனக்கல் போயிருக்க, நான் வீட்டில் உட்கார்ந்து மைக்கிலிருந்து ராகி மாவைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆயுள் உரிமம் என்று ஒன்று வந்ததும் முதல் ஆளாக அதற்கு மாறிவிட்டேன்.

'யாருக்குத் தெரியப் போகிறது, பேசிவிட்டுப் போகலாமே' என்று உன் வகுப்புப் பையன் ஒருவன் சொன்னானாம். அவனுக்கு 2004 டிசம்பர் 26ஐப் பற்றிச் சொல். பாரதி பிரசாத் என்ற அம்மாவின் தலைமையில் ஹாம்கள் அப்போது போர்ட் பிளேரில் இருந்தார்கள். பல ஆண்டுகளாக ஹாம்கள் யாருக்கும் அனுமதி கிடைக்காத அந்தமானில், டெல்லி வரை அலைந்து காகிதம் வாங்கிக்கொண்டு போனவர்கள். வி.யு.4 என்று தொடங்கும் குறியில் உலகத்தோடு பேசிக்கொண்டிருந்தபோது சுனாமி வந்தது. தொலைபேசி செத்தது. அவர்கள் செட் பேசியது, யார் பிழைத்தார்கள் என்ற செய்தி அதன் வழியாகவும் கரைக்கு வந்துகொண்டிருந்தது. காகிதம் கையில் இல்லாத செட்டாக இருந்திருந்தால் அந்தத் தீவில் அன்றைக்கு அது இருந்திருக்கவே இருந்திருக்காது.

இனி உன் விஷயம். உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் அரசாங்கத்தின் சரல் சஞ்சார் இணையதளத்தில் நீ பதிவு செய்தது கல்லூரி ஈமெயிலில் என்று உன் அம்மா சொன்னாள். படிப்பு முடிந்தால் அந்த ஈமெயில் நிற்குமா? இந்த வாரமே உன் சொந்த ஈமெயிலுக்கு மாற்றப் பார். விடுதியில் ஆஃபருக்கு வாங்கிய சிம் நம்பரையா கொடுத்தாய்? அதையும் மாற்று. நாளைக்கு வேலை கிடைத்து பெங்களூருக்கோ சென்னைக்கோ போனால் செட்டைத் தூக்கிக்கொண்டு போய் உட்கார்ந்துவிடாதே, உரிமத்தில் இருக்கும் முகவரியையும் மாற்ற வேண்டும். நான் பென்னாகரத்தை விட்டுத் தருமபுரிக்கு வந்தபோது இதைக் கிட்டத்தட்ட மறந்தேன். ஆயுள் உரிமம் இருக்கிறதே என்ற திமிர். தேர்வில் தேறிய சான்றிதழையும் உரிமத்தையும் ஒன்று என்று நினைத்துவிடாதே. சான்றிதழ் எத்தனை அழகாக இருந்தாலும் அதைக் காட்டிப் பேச முடியாது.

தேதியை ஞாபகம் வைக்க போன் காலண்டரை நான் நம்பவில்லை. 20 ஆண்டில் நீ எத்தனை போன் மாற்றுவாய்! நான் கண்ட வழி ஒன்றுதான், அதுவும் உன் அத்தை சொன்னது. ஆயுத பூஜைக்குக் கடையில் சால்டரிங் அயர்னிலிருந்து ஸ்க்ரூடிரைவர் வரை எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைக்கிறோம். "உன் ரேடியோ மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள். அன்றிலிருந்து செட்டும் வரிசையில் உட்காருகிறது. அதன் மேல் உரிமம், உரிமத்தின் மேல் ஒரு சாமந்தி. சந்தனம் வைக்கும்போது தேதியில் படாமல் வைக்க வேண்டும் என்பது வீட்டுச் சட்டம், அதற்காகவாவது தேதியைப் பார்த்தாக வேண்டும் இல்லையா? வருஷத்துக்கு ஒரு தடவை. தவறியதே இல்லை.

பூஜைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கிறது. அக்காவையும் கூட்டிக்கொண்டு முந்தின நாளே வந்துவிடு. தாய்மாமன் சீராக என் கைச்செட்டை உனக்குத் தருவதாக முடிவு செய்திருக்கிறேன், 144 மெகாஹெர்ட்ஸ், பேட்டரி புதுசு. வத்தல்மலை ஏறி நின்று பேசிப் பார்ப்போம். உரிமத்தை பிரிண்ட் எடுத்துக் கொண்டு வா, கட்டைவிரல் நிழல் இல்லாமல்.

எங்கள் பாஷையில் வாழ்த்துக்கு எண்தான்: 73.

உன் மாமா,
தருமபுரி