வெளிநாட்டில் படித்த செமஸ்டர் இங்கே எந்தக் கணக்கில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

நான் திருகோணமலை உப்புவெளியைச் சேர்ந்தவள். வேறொரு மாவட்டத்தில் உள்ள பல்கலைக்கழகத்தில் தமிழ் மொழி மூலம் புவியியல் படிக்கிறேன். 2024 ஒக்டோபரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் பிளஸ் புலமைப்பரிசில் கிடைத்து ஒரு செமஸ்டர் ஜேர்மனிக்குப் போய்ப் படித்துவிட்டு வந்தேன். போகும்போது வீட்டிலும் ஒழுங்கையிலும் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அங்கே படித்துச் சித்தியடைந்த ஐந்து பாடங்களில் ஒன்றுகூட இன்று வரைக்கும் இங்கே என் பெறுபேற்றில் ஏறவில்லை. நான் இல்லாத நேரத்தில் நடந்து முடிந்த செமஸ்டரை ஜூனியர் பட்ச்சோடு இருந்து முதலில் இருந்து படித்துக்கொண்டிருக்கிறேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

முதலில் அங்கே என்ன படித்தேன் என்று சொல்லவேண்டும், ஏனென்றால் "சும்மா ஊர் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள்" என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள், பல்கலைக்கழகத்துக்குள்ளேயும் இருக்கிறார்கள். நான் இருந்தது டோர்ட்முண்டுக்குக் கிட்ட, றூர் பகுதியில். ஒரு காலத்தில் அந்தப் பக்கம் முழுக்க நிலக்கரிச் சுரங்கங்கள். கடைசிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்டது. தொழில் போன பிறகு ஒரு ஊர் என்ன செய்கிறது என்பதுதான் எங்கள் பாடங்களில் ஒன்று. எசென் நகரில் ட்சோல்ஃபெரைன் என்ற பழைய சுரங்கத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். 1986 இல் மூடியதை இடித்து இரும்பாக விற்காமல் அப்படியே காப்பாற்றி வைத்திருந்து, 2001 இல் அது யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்துவிட்டது, இப்போது உள்ளே ஒரு அருங்காட்சியகமும் இருக்கிறது. திரும்பி வரும் வழியில் பேராசிரியர் ஒவ்வொருவரிடமும் உங்கள் ஊரில் இப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார்.

எனக்கு உடனே வாய்க்கு வந்தது சீனக்குடா எண்ணெய்க் குதங்கள். சின்ன வயதில் இருந்து பார்க்கிறேன். காட்டுக்குள்ளே செடி கொடி மூடிப்போய், துருப்பிடித்து, பெரிய பெரிய உருளைகள். பிரித்தானியர் கட்டியவை, இன்றைக்கு 99 இருக்கின்றன, 1942 ஏப்ரலில் ஜப்பான் விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது ஒன்று அழிந்துபோனது என்று அப்பப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது என்பது பேராசிரியர் அடுத்த கேள்வி கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. யாருடைய காணி அது, யார் பயன்படுத்துகிறார்கள், ஊர் ஆட்களுக்கு அதில் என்ன வேலை கிடைத்தது? பதில் இல்லை. சரி, அதையே உமது கட்டுரையாக எழுதும் என்றார்.

இரண்டரை மாதம் அதில் கிடந்தேன். 2022 ஜனவரியில் செய்த ஒப்பந்தப்படி 24 குதங்கள் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 14 இந்திய எண்ணெய்க் கம்பனியின் இலங்கைக் கிளையான லங்கா ஐஓசிக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கம்பனிக்கு என்று பிரித்திருப்பதை நான் அங்கே ஒரு நூலகத்தில் இருந்துதான் முதல் தடவை ஒழுங்காக வாசித்தேன். என் வீட்டில் இருந்து சைக்கிளிலேயே போய்ப் பார்க்கக்கூடிய ஒரு இடத்தைப் பற்றி! ஆங்கிலத்தில் 20 பக்கம் எழுதுவது எனக்குப் பெரும்பாடாக இருந்தது, இரவிரவாக அழுதும் இருக்கிறேன். மாலை நாலரைக்குள் இருட்டிவிடும் அந்த டிசம்பரில், இங்கே இரவு பத்து மணிக்கு அம்மா அழைத்தால் அங்கே ஐந்தரை, "சாப்பிட்டாயா" என்று கேட்டதும் குரல் உடைந்துவிடும். ஆனாலும் எழுதி முடித்து, வகுப்புக்கு முன்னால் நின்று அதைப் பேசி, கேள்விகளுக்குப் பதில் சொன்னேன். 1.7 கிடைத்தது.

இந்த 1.7 தான் இங்கே பிரச்சினையாக வந்தது. ஜேர்மனியில் 1.0 தான் ஆகக் கூடிய புள்ளி, 4.0 என்றால் மட்டுமட்டாகச் சித்தி, 5.0 என்றால் பெயில். எங்களுக்கு அது தலைகீழ், 4.0 தான் உச்சம். என் சான்றிதழைப் பார்த்த ஒருவர், இவ்வளவு குறைந்த புள்ளியை வைத்துக்கொண்டு என்ன செய்வது பிள்ளை என்று உண்மையான அக்கறையோடுதான் கேட்டார். விளக்கிச் சொன்னேன். அப்புறம் கிரெடிட் கணக்கு வந்தது. ஐந்து பாடத்துக்கும் சேர்த்து 24 ஐரோப்பிய கிரெடிட், ஒரு செமஸ்டரில் இவ்வளவு எப்படி எடுக்கலாம் என்று அடுத்த கேள்வி. ஐரோப்பாவில் ஒரு கிரெடிட் என்பது 25 முதல் 30 மணித்தியாலப் படிப்பு. எங்கள் நாட்டின் தகைமைச் சட்டகத்தில் ஒரு கிரெடிட் 50 மணித்தியாலம். அங்கே வருடத்துக்கு 60, இங்கே 30. ஆக இரண்டுக்கு ஒன்று என்று பிரித்தால் என் 24 இங்கே 12 ஆகிறது, கூட்டல் கழித்தல் தெரிந்த யாரும் ஐந்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய கணக்கு. அந்த ஐந்து நிமிடத்துக்காக நான் மாதக்கணக்கில் மாடிப்படி ஏறி இறங்கினேன்.

போகுமுன் ஒரு படிவம் நிரப்பினோம். என்னென்ன பாடம் அங்கே படிப்பேன், அவை இங்கே எந்தப் பாடத்துக்குப் பதிலாக வரும் என்று எழுதி, மாணவியும் இரண்டு பல்கலைக்கழகங்களும் கையெழுத்து வைக்க வேண்டும். மூன்று கையெழுத்தும் விழுந்தது. அதை நம்பித்தான் விமானம் ஏறினேன். திரும்பி வந்த பிறகு சொல்கிறார்கள், அந்தக் கையெழுத்து வெளிநாட்டு விவகாரங்களைப் பார்க்கிற பிரிவினுடையது, பரீட்சைப் பிரிவுக்கு வேண்டியது பீடச் சபையின் தீர்மானமும் மூதவையின் (செனட்டின்) அங்கீகாரமும், அவை இரண்டும் உங்கள் விஷயத்தில் இல்லை என்று. அப்படியானால் அந்தக் கையெழுத்து எதற்கு? ஒரே வளாகத்துக்குள் இரண்டு கட்டடத்துக்கு இடையில் இருக்கும் வழக்கு இது. இதில் மாணவி என்ன செய்ய முடியும்?

எங்கள் வயதுக்காரருக்கு ஏற்கனவே எவ்வளவு காலம் போய்விட்டது என்று பெரியவர்கள் யோசிக்க வேண்டும். 2021 ஆம் ஆண்டுக்கான உயர்தரப் பரீட்சையை நாங்கள் எழுதியதே 2022 பெப்ரவரியில். அதற்கு மேல் இப்போது இன்னொரு வருடம். வருடத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன், ஆனால் என் பீடத்தில் குறித்த காலத்துக்குள் பட்டத்தை முடிக்காதவர்களுக்கு வகுப்புச் சித்தி (முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்பு) இல்லை, எவ்வளவு புள்ளி எடுத்தாலும் சாதாரண சித்திதான். நன்றாகப் படித்ததால் தெரிவாகி, போனதால் வகுப்பை இழக்கிற நிலை. இதைக் கேள்விப்பட்டு என் நண்பி ஒருத்தி விண்ணப்பத்தையே கிழித்துப் போட்டாள். அவளைக் குறை சொல்ல என்னால் முடியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹாம் நகரத்தில் இருக்கும் காமாட்சி அம்பாள் கோயிலுக்குப் போனேன். 2002 இல் எங்கள் ஆட்கள் கட்டியது, தொழிற்சாலைகளுக்கு நடுவில் கோபுரம் நிற்கிறது. குளிருக்குள் கோபுரத்தைக் கண்டதும் எனக்குக் கோணேசர் கோயிலடிக் காற்றுத்தான் ஞாபகம் வந்தது. அன்னதானத்தில் பக்கத்தில் இருந்த ஒரு அம்மா "எவடம் பிள்ளை?" என்று கேட்டார். திருமலை என்றேன். அவர் எண்பதுகளில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து சேர்ந்தவராம், வந்து பல வருடம் துப்புரவு வேலை செய்தாராம். "நாங்கள் வரேக்க ஓடி வந்தனாங்கள். நீர் படிக்க வந்திருக்கிறீர். வடிவாப் படிச்சுக்கொண்டு போய் ஊருக்குச் சொல்லும்" என்று கையைப் பிடித்துச் சொன்னார். படித்தேன். வந்து சொல்லவும் செய்கிறேன், இந்தக் கடிதத்தில்.

நான் கேட்பது பணமோ சலுகையோ இல்லை. மாணவர் போகுமுன்பே எந்தப் பாடம் எதற்கு ஈடு, எந்தப் புள்ளி எங்கள் எந்தத் தரத்துக்குச் சமன் என்று பீடச் சபை எழுத்தில் தீர்மானிக்க வேண்டும். அதை மூதவை ஏற்ற பிறகு மட்டும் படிவத்தில் கையெழுத்து வைக்கட்டும். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு எல்லாப் பல்கலைக்கழகத்துக்கும் பொதுவான ஒரு அட்டவணை போட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. கோணேசபுரியில் உள்ள எங்கள் திருகோணமலை வளாகத்துப் பிள்ளைகளும் இப்படிப் போகலாம், அவர்களுக்கும் உதவும்.

போக நினைக்கும் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. எனக்குப் புலமைப்பரிசில் காசு அங்கே போய் வங்கிக் கணக்குத் திறந்த பிறகுதான் கைக்கு வந்தது. விமான ரிக்கெற்றுக்கும் முதல் மாத வாடகைக்கும் அம்மாவின் காப்பை அடகு வைத்தோம், பிறகு மீட்டோம். அந்தக் காசை முன்கூட்டியே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒக்டோபரில் எங்கள் பீடத்தில் இருந்து இன்னொரு தங்கச்சி போகிறார், மூதூர்ப் பிள்ளை. போன கிழமை என்னிடம் தன் படிவத்தைக் கொண்டுவந்து காட்டினார். மூன்று கையெழுத்தும் இருக்கிறது. பாடப் பட்டியல் பீடச் சபைக்குப் போனதா என்று கேட்டேன். அப்படி ஒன்று இருப்பதே அவருக்குத் தெரியாது.

இப்படிக்கு,
புவியியல் மாணவி,
உப்புவெளி, திருகோணமலை.