சொல்லாமல் மாற்றி அனுப்பிய பவர் சப்ளை பற்றிய புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

அனுப்புநர்: உங்கள் வாடிக்கையாளர், சாட்ஸ்வொர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா

பொருள்: கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் பாகமாக ஆர்டர் செய்த 750 வாட் பவர் சப்ளைக்குப் பதில் வேறொன்றை அனுப்பியது, அதைத் திரும்ப எடுக்க மறுப்பது

வணக்கம்.

போனில் ஆரம்பத்திலிருந்தே என்னோடு தமிழில் பேசியவர் உங்கள் விற்பனைப் பிரிவில் இருக்கும் தம்பி. அதனால் இதையும் தமிழிலேயே எழுதுகிறேன். ஆங்கிலத்தில் நான் அனுப்பிய மின்னஞ்சல்களுக்கெல்லாம் ஒரே பதிலைத்தான் வெட்டி ஒட்டி அனுப்பினீர்கள். இதையாவது யாராவது உட்கார்ந்து முழுசாகப் படியுங்கள்.

விஷயம் இதுதான். நான் பணம் கட்டிய பவர் சப்ளை ஒன்று, பெட்டியில் வந்தது வேறொன்று. ஸ்டாக் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, மாற்றி அனுப்பலாமா என்று கேட்கவும் இல்லை. பில்லில் இன்னமும் நான் கேட்ட மாடலின் பெயர்தான் இருக்கிறது, விலையும் அதன் விலைதான். பார்சலைத் திறந்து பார்த்தவுடனே உங்களுக்குப் போன் செய்தேன். "அதுவும் 750 வாட்தான் அண்ணா, ஒண்ணும் வித்தியாசம் இல்ல, தைரியமா மாட்டுங்க" என்றார் அந்தத் தம்பி. அவர் பேச்சை நம்பி மாட்டினோம். இப்போது கேட்டால், மாட்டிப் பயன்படுத்திவிட்டதால் திரும்ப எடுக்க முடியாது என்கிறீர்கள். மாட்டச் சொன்னதும் நீங்கள், மாட்டியது தப்பு என்பதும் நீங்கள். இது எந்த ஊர் நியாயம்?

இந்தக் கம்ப்யூட்டரை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. என் மகள் பதினோராம் வகுப்பு படிக்கிறாள். பிறந்தநாளுக்குக் கிடைத்த காசு, விடுமுறையில் கடையில் வேலை செய்து சேர்த்த காசு எல்லாம் போட்டாள், மீதியை நான் போட்டேன். ஒவ்வொரு பாகத்தையும் இருவரும் பேசிப் பேசித்தான் முடிவு செய்தோம். ப்ராசஸர் ரைசன் 5 7600. கூலர் பெட்டியிலேயே வந்துவிடும், அது உட்காரும் ஏஎம்5 சாக்கெட்டுக்கு 2027-க்கு அப்பாலும் ஆதரவு உண்டு என்று அதைச் செய்யும் ஏஎம்டி அறிவித்திருக்கிறது, அதனால் நாளைக்கு மதர்போர்டை மாற்றாமல் ப்ராசஸரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். ரேம் டிடிஆர்5, 16 ஜிபி குச்சி இரண்டு. அந்த வகை மதர்போர்டில் நாலு குச்சி போட்டால் வேகம் இறங்கிவிடும் என்பதால் இரண்டோடு நிறுத்தினோம். கிராஃபிக்ஸ் கார்டு ரேடியான் ஆர்எக்ஸ் 7800 எக்ஸ்டி, 16 ஜிபி, 1440பி திரைக்கு. கேஸுக்குள் கார்டு நீளவாக்கில் உட்காருமா, முன்பக்க ஃபேன் இடிக்குமா என்று அவள் டேப் வைத்து அளந்து பார்த்தாள். இதெல்லாம் சரியாகவே வந்தது, அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

ஆனால் எல்லாவற்றிலும் அதிக நேரம் எடுத்து, அதிகம் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது பவர் சப்ளையைத்தான். அதைத்தான் நீங்கள் மாற்றினீர்கள்.

டர்பனில் இருக்கும் உங்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. 2023-ல் மின்வெட்டு எப்படி இருந்தது என்று நாம் எல்லோரும் பார்த்தோம். அட்டவணை போட்டு, ஒரு தடவைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல், ஒரே நாளில் பல தடவை போனது. இப்போது அது நன்றாகக் குறைந்திருக்கிறது, சரி. ஆனாலும் பெரிய மழை பெய்தால் போகிறது, யாராவது கேபிளைத் திருடினால் போகிறது. போகும்போதைவிடத் திரும்பி வரும்போதுதான் சாமான்களுக்கு ஆபத்து. தெரு முழுக்க எல்லா வீட்டு ஃப்ரிட்ஜும் கீசரும் ஒரே நேரத்தில் இழுக்க, வோல்டேஜ் ஆடி அடங்குவதற்கு முன்னால் அந்த அடியை முதலில் வாங்குவது பவர் சப்ளைதான். அதனால்தான் இந்த ஊரில் நல்ல பவர் சப்ளை போடுங்கள், கூட, மின்சாரம் போனால் பேட்டரியில் ஓட்டும் யூபிஎஸ் ஒன்று வையுங்கள் என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆர்டர் போடும் முன் உங்கள் தம்பியிடமும் இதைத் தெளிவாகச் சொன்னேன்: இந்தக் கார்டு, இந்த யூபிஎஸ், கேம் ஆடும் வேலைக்கு. அவரும் "அந்த மாடல்தான் அண்ணா சரி" என்றார். உங்கள் அழைப்புகள் பதிவாகின்றன என்று போன் எடுத்தவுடன் ஒரு குரல் சொல்கிறதே, அந்தப் பதிவை எடுத்துக் கேளுங்கள்.

இப்போது "அதுவும் 750 வாட்தான்" என்ற பேச்சுக்கு வருகிறேன். பெட்டியின் மேல் பெரிதாக அச்சடித்த 750 என்பது 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிய மொத்தம். இன்றைய கம்ப்யூட்டரில் ப்ராசஸரும் கிராஃபிக்ஸ் கார்டும் மின்சாரத்தை ஏறக்குறைய முழுக்க 12 வோல்ட்டில்தான் எடுக்கின்றன. ஆகவே பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் போட்டிருக்கிறது என்பதை. நான் ஆர்டர் செய்த மாடலில் 62.5 ஆம்பியர். 12-ஆல் பெருக்கினால் 750 வாட், அதாவது சொன்ன அளவு முழுவதையும் தேவைப்பட்ட இடத்தில் கொடுக்கும். நீங்கள் அனுப்பியதில் 38 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 456 வாட். ஸ்டிக்கரின் படத்தை இணைத்திருக்கிறேன்.

இதற்கு உங்கள் தொழில்நுட்பப் பிரிவு ஒரு பதில் எழுதியது: கார்டு 263 வாட், ப்ராசஸர் அதிகபட்சம் 88 வாட், மதர்போர்டு, ஃபேன், எஸ்எஸ்டி எல்லாம் சேர்த்தாலும் 400 பக்கம்தான், 456-க்குள் அடங்கிவிடுகிறதே என்று. கூட்டல் சரி, முடிவு தப்பு. 263 என்பது சராசரி. கேம் ஓடும்போது கார்டு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரத்துக்கு அதைவிட எவ்வளவோ அதிகமாக இழுத்துவிட்டு இறங்கும். இந்தத் திடீர் இழுப்பை மனதில் வைத்துத்தான் 2022-ல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 என்ற பவர் சப்ளை விதி, தன் அளவைப் போல இரண்டு மடங்கு இழுப்பைக்கூட 100 மைக்ரோசெகண்ட் தாங்க வேண்டும் என்று எழுதி வைத்தது. நான் கேட்டது அந்த விதிப்படி செய்தது. இந்தக் கார்டுக்கு 700 வாட் பவர் சப்ளை வேண்டும் என்று ஏஎம்டியே சொல்லியிருக்கும்போது, 456-ல் ஓட்டுங்கள் என்று ஒரு கடை எப்படி எழுதுகிறது?

நீங்கள் அனுப்பியதன் பின்பக்கத்தில் 115/230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் இருக்கிறது. சுவரிலிருந்து மின்சாரத்தை ஒழுங்காக இழுக்க வைக்கும் ஆக்டிவ் பிஎஃப்சி என்ற சுற்று இல்லாத பழைய வடிவமைப்பின் அடையாளம் அது. கார்டுக்குப் போகும் எட்டு பின் கனெக்டர் இரண்டும் ஒரே கேபிளில் தொங்குகின்றன, நான் கேட்டதில் தனித்தனிக் கேபிள். அதற்கு 10 வருட வாரண்டி, இதற்கு ஒரு வருடம். மின்சாரத்தை அதிகம் வீணாக்காது என்பதற்கான கோல்ட் சான்று உள்ளதற்குக் கட்டிய பணத்தில் எந்தச் சான்றும் இல்லாதது வந்திருக்கிறது. டர்பன் கோடையில், வீணாகும் மின்சாரமெல்லாம் அறைக்குள் சூடாகத்தான் இறங்கும், அதனால் அந்தச் சான்றும் எனக்கு வெறும் அலங்காரம் இல்லை.

என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். மெயில் பார்த்தால், படம் பார்த்தால் ஒன்றும் ஆவதில்லை. கேமில் கனமான காட்சி வந்ததும் திரை கறுத்து, கம்ப்யூட்டர் தானாக மறுபடி தொடங்குகிறது. விண்டோஸில் கர்னல் பவர் 41 என்று பதிவாகிறது. அதைப் பார்த்துவிட்டு விண்டோஸை மறுபடி போடுங்கள் என்றீர்கள். அந்த 41 சொல்வதெல்லாம், ஒழுங்காக அணைக்காமல் மறுபடி தொடங்கியது என்பதை மட்டும்தான், காரணம் என்னவென்று அது சொல்லாது. இருந்தாலும் நீங்கள் சொன்னபடியே மறுபடி போட்டோம், மாறவில்லை. ரேமைச் சோதித்தோம், பிழை இல்லை. ப்ராசஸர் சூடு அதன் 95 டிகிரி வரம்புக்கு வெகு கீழே இருக்கிறது. நொடிக்கு வரும் ஃப்ரேமை 60-ல் கட்டிப் போட்டால் மணிக்கணக்காக ஓடுகிறது, கட்டை அவிழ்த்தால் விழுகிறது. இதையெல்லாம் என் மகள் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறாள், அந்தப் பக்கங்களையும் இணைத்திருக்கிறேன்.

யூபிஎஸ் கதை இன்னும் மோசம். மின்சாரம் போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 10 மில்லிசெகண்ட் வரை ஆகும் என்று அதன் கையேட்டில் இருக்கிறது. அந்த இடைவெளியில் பவர் சப்ளை தன் கெப்பாசிட்டரில் தேக்கி வைத்திருப்பதை வைத்துச் சமாளிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்த பவர் சப்ளை நல்ல சுமையிலேயே 16, 17 மில்லிசெகண்ட் தாங்கும். நீங்கள் அனுப்பியதோ, யூபிஎஸ் உயிரோடு சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்போதே கம்ப்யூட்டரை விட்டுவிடுகிறது. பிறகு யூபிஎஸ் எதற்கு?

அப்புறம் டர்பனிலேயே ஃபீனிக்ஸ் பகுதியில் இருக்கும் என் மச்சான் தன் கம்ப்யூட்டரிலிருந்து நல்ல 750 வாட் பவர் சப்ளையைக் கழற்றிக்கொண்டு வந்தார். கேபிளையும் அதனுடையதையே போட்டோம், ஏனென்றால் ஒரு கம்பெனியின் கேபிளை இன்னொரு கம்பெனியின் பவர் சப்ளையில் செருகினால் பின் வரிசை மாறி எல்லாம் புகைந்துவிடலாம். வேறு எதையும் தொடவில்லை. அதே கேம், அதே காட்சி, கட்டு எதுவும் இல்லாமல் சாயங்காலம் முழுக்க ஓடியது. சுவரில் பிளக்கைப் பிடுங்கினோம், யூபிஎஸ் மாறியது, கம்ப்யூட்டர் அசையவில்லை. வீடியோ எடுத்து உங்களுக்கு அனுப்பினேன். அதற்கு வந்த பதில்: "சீல் உடைக்கப்பட்ட பொருளைத் திரும்ப எடுப்பதில்லை."

சரி, சட்டத்தையும் பார்த்துவிடலாம். நான் வாங்கியது இணையத்தில், ஆகவே 2002-ஆம் ஆண்டு மின்னணுத் தொடர்பு மற்றும் பரிவர்த்தனைச் சட்டம், எண் 25, இதற்குப் பொருந்தும். ஆர்டர் செய்த பொருள் கையில் இல்லையென்றால் விற்பவர் உடனே தெரிவித்து, தெரிவித்த நாளிலிருந்து 30 நாளுக்குள் பணத்தைத் திருப்ப வேண்டும் என்கிறது 46-ஆம் பிரிவு. கைக்கு வந்ததை அடுத்தவர் தலையில் கட்டலாம் என்று அதில் எங்கும் இல்லை. 44-ஆம் பிரிவின்படி பொருள் வந்த ஏழு நாளுக்குள் காரணமே சொல்லாமல் ரத்து செய்யும் உரிமை எனக்கு உண்டு, என் முதல் மின்னஞ்சல் அந்த ஏழு நாளுக்குள் வந்தது, தேதியைப் பாருங்கள். சீல் உடைத்தால் ரத்து கிடையாது என்ற விலக்கு பாட்டு, படம், மென்பொருள் போன்றவற்றுக்குத்தான் எழுதப்பட்டது. பவர் சப்ளை மென்பொருள் இல்லை.

2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், எண் 68-ம் இருக்கிறது. என்ன வேலைக்கு என்று சொல்லி வாங்கினால் அந்த வேலைக்குப் பொருள் பொருந்த வேண்டும் என்பது 55-ஆம் பிரிவு. பொருந்தாவிட்டால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுத்து, பழுது பார்ப்பதா, மாற்றித் தருவதா, பணம் தருவதா என்று நான் சொல்கிறபடி விற்பவர் செய்ய வேண்டும், திருப்பி அனுப்பும் செலவும் பொறுப்பும் விற்பவருடையது என்பது 56-ஆம் பிரிவு. தேர்வு என்னுடையது. பாதி விலைக்கு ஸ்டோர் கிரெடிட் தருகிறோம் என்று நீங்கள் எழுதியதை நான் ஏற்கவில்லை.

நான் கேட்பது: நான் ஆர்டர் செய்த அதே மாடலை, சீல் உடையாத பெட்டியில், உங்கள் செலவில் அனுப்புங்கள், இப்போது இருப்பதை அதே கூரியரில் எடுத்துச் செல்லுங்கள். அந்த மாடல் இன்னும் ஸ்டாக்கில் இல்லையென்றால் பில்லில் அதற்குப் போட்ட முழுப் பணத்தையும் வாட் வரியோடு என் கணக்கில் போடுங்கள், நான் வேறு இடத்தில் வாங்கிக்கொள்கிறேன். கூடவே, மாற்றி அனுப்ப முடிவெடுத்தது யார், ஏன் சொல்லவில்லை என்பதற்கு எழுத்தில் ஒரு பதில் வேண்டும். அந்தத் தம்பியின் வேலைக்கு ஆபத்து வர வேண்டும் என்று நான் கேட்கவில்லை. வாட் எண் ஒன்றானால் பொருளும் ஒன்றுதான் என்று அவருக்கு யாரோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், அதைத் திருத்துங்கள். பாவம், நாளைக்கு இன்னொரு பிள்ளை சேர்த்து வைத்த காசோடு உங்களிடம் வரும்.

இந்தக் கடிதம் கிடைத்து பத்து வேலை நாளுக்குள் பதில் வராவிட்டால், பில், ஸ்டிக்கர் படம், வீடியோ, உங்கள் மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் சேர்த்து வாடிக்கையாளர் புகார்களை விசாரிக்கும் நுகர்பொருள் மற்றும் சேவைகளுக்கான ஆம்பட்ஸ்மன் அலுவலகத்தில் புகார் பதிவேன், அங்கேயும் முடியாவிட்டால் தேசிய நுகர்வோர் ஆணையம். மகளின் பள்ளி விடுமுறை தொடங்கப்போகிறது, அதற்கு முன்னால் இதை முடித்துக் கொடுத்தால் அந்த இரண்டு இடத்துக்கும் நான் போகத் தேவையே இருக்காது.

கூரியர்காரர் வருவதாக இருந்தால் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பிறகு வரச் சொல்லுங்கள், பகலில் வீட்டில் யாரும் இருக்க மாட்டோம். பழைய பவர் சப்ளையை அதன் பெட்டியிலேயே, எல்லாக் கேபிளோடும் கட்டித் தயாராக வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
சாட்ஸ்வொர்த் வாடிக்கையாளர்

இணைப்பு: பில், ஸ்டிக்கர் படம், மகளின் குறிப்புப் பக்கங்கள், வீடியோ, மின்னஞ்சல் நகல்கள்