ஒற்றைப் பாதைக்கு லூப் சிக்னலைத் திருப்பித் தாருங்கள்: ரயில் விளையாட்டு நிறுவனத்தாருக்கு வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நிறுவனத்தாருக்கு,

வணக்கம். உங்கள் ரயில் நிர்வாக விளையாட்டைக் கைத்தொலைபேசியில் ஆடுகிற வன்னிக்காரர் நாங்கள். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கங்களில் இருக்கிறோம். கடைசி அப்டேட்டில் என்ன மாறியது என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை, மாற்றியவர்கள் நீங்கள்தான். ஆகவே சுற்றி வளைக்காமல் கேட்கிறோம். ஒற்றைப் பாதையில் எதிரெதிரே வரும் ரயில்கள் விலகிப்போகப் பாதை இரண்டாகப் பிரியும் லூப்பில், கையால் நடும் சிக்னலைத் திருப்பித் தாருங்கள். விளையாட்டுக்குள் செலவழிக்கும் வைரத்துக்கு விற்காமல், முன்பு இருந்ததுபோல அடிப்படைக் கருவிகளோடு சேர்த்துத் தாருங்கள்.

இப்போது சிக்னல் எல்லாவற்றையும் விளையாட்டே நட்டுவிடுகிறது. இரட்டைப் பாதையில் அதனால் பெரிய சேதம் எதுவுமில்லை. ஒற்றைப் பாதையில்தான் சனி பிடிக்கிறது. உங்கள் தானியங்கி முறை லூப்புக்கு வெளியே, ஒற்றைத் தண்டவாளத்தின் மேலேயே, இரண்டு பக்கமும் ஒவ்வொரு சிக்னலை நடுகிறது. லூப்புக்குள்ளே இருக்கும் இரண்டு தண்டவாளங்களுக்கும் தனித்தனிச் சிக்னல் இல்லை. அதனால் விளையாட்டின் கணக்கில் அந்த இரண்டும் சேர்ந்து ஒரே பகுதி. ஒரு பகுதிக்குள் ஒரு கோச்சிதான், அதாவது ஒரு ரயில்தான், நிற்கலாம். மேற்கிலிருந்து வந்த கோச்சி லூப்பில் நுழைந்ததும் கிழக்கிலிருந்து வருவதற்குச் சிவப்பு விழும். அது வந்து நிற்கிற இடமோ ஒற்றைப் பாதை. உள்ளே நிற்கிற கோச்சி வெளியேற வேண்டியதும் அதே பாதையால்தான். உள்ளே ஒரு தண்டவாளம் காலியாகக் கிடக்க, இரண்டு கோச்சியும் முகத்துக்கு முகம் பார்த்துக்கொண்டு நிற்கும். இப்படி விலகிப்போகும் குறோசிங்குக்காகவே கட்டிய இடத்தில் குறோசிங் நடக்காது என்றால் அந்த லூப் எதற்கு?

முன்பு இது எப்படி வேலை செய்தது என்பதை உங்கள் நிரலாளர்கள் மறந்திருந்தால் சொல்லிவிடுகிறோம். சிக்னலை லூப்பின் வாயிலில் நடக்கூடாது. உள்ளே, ஒவ்வொரு தண்டவாளத்திலும், கோச்சி வெளியேறும் முனையில் மட்டும் நடவேண்டும். போகும் கோச்சிக்கு ஒரு தண்டவாளம், வரும் கோச்சிக்கு மற்றது என்று ஒருவழியாக்கிவிட வேண்டும். அப்போது ஒரு லூப்பில் நிற்கும் கோச்சி, அடுத்த லூப்பில் தன் பக்கத் தண்டவாளம் காலியாகி, இடையிலுள்ள ஒற்றைப் பாதையும் காலியானால்தான் கிளம்பும். நடுவழியில் நின்று மறிக்கிற கதையே கிடையாது.

நீளத்திலும் கவனம் வேண்டும். ஒரு எஞ்சினும் பத்துப் பெட்டியும் சேர்ந்தால் 11. விளையாட்டு வரைபடத்தின் ஒரு கட்டத்துக்கு இரண்டு வீதம் ஐந்தரைக் கட்டம். ஆகவே சிக்னலுக்குப் பின்னால் நேராக 6 கட்டம் விடவேண்டும், பிறகு பெட்டி கூட்டுகிற எண்ணம் இருந்தால் 7. ஐந்தோடு நிறுத்தினால் கடைசிப் பெட்டியின் வால் தண்டவாளம் பிரியும் இடத்தில் கிடக்கும், எதிர்க் கோச்சி உள்ளே வர முடியாது. புதிதாக ஆடுகிறவர்கள் முதலில் மாட்டுப்படுவது இதில்தான். ஆனால் அது ஆடுகிறவரின் தவறு. தண்டவாளத்தை நீட்டினால் தீர்ந்துவிடும். இப்போது நீங்கள் செய்து வைத்திருப்பதை எதை நீட்டித் தீர்ப்பது?

கோச்சிக் கணக்கும் எங்களுக்குத் தெரிந்துதான் இருந்தது. உதாரணத்துக்கு, மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குக் கிளைப்பாதை. நிலத்தில் அப்படி ஒரு பாதை இல்லை, முல்லைத்தீவுக்கு ரயிலே கிடையாது. அதனால்தான் இங்கே விளையாட்டுக்கு வரைபடம் தயாரிப்பவர்களில் அநேகம் பேர் முதலில் போடுவது அந்தப் பாதை. கரிப்பட்டமுறிப்பு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை மூன்றிலும் லூப். லூப்புக்கு இரண்டு வீதம் ஆறு இடம், இரண்டு முனை ஸ்டேஷனிலும் இரண்டிரண்டு மேடையாக நான்கு இடம், ஆக மொத்தம் பத்து. ஒன்பது கோச்சி வரை விட்டாலும் எங்கோ ஓர் இடம் காலியாக இருக்கும், அதனால் முழுப்பாதையும் இறுகாது. காத்திருப்புக் கூடாமல் ஓட ஐந்து போதும். இது தெரிந்தவருக்குக் குறைந்த கடனில் ஆட்டத்தைத் தொடங்க முடிந்தது. நாட்டிய சிக்னல் சரியாக இருந்தால் கோச்சி தன்பாட்டில் ஓடும்.

இனி, அதே பாதையில் இன்று நடப்பதைப் பாருங்கள். முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றிய கோச்சி ஒட்டுசுட்டான் லூப்புக்கு வெளியே நிற்கிறது. லூப்புக்குள் மாங்குளத்திலிருந்து வந்த வெறும் பெட்டிக் கோச்சி. இரண்டுக்கும் சிவப்பு. மீன் கோச்சியைத் தட்டினால் திரையில் ஒரு சாளரம் திறக்கிறது. முன்பு அந்த இடத்தில் கோச்சியைப் பின்னோக்கித் திருப்பும் அம்புக்குறி இருந்தது. இப்போது அங்கே ஒரு மஞ்சள் பொத்தான்: ‘மீட்பு எஞ்சின், 60 வைரம்’. நாளொன்றுக்கு இலவசமாகக் கிடைப்பது 5 வைரம். காசும் கட்டாமல் விளம்பரமும் பார்க்காமல் இருப்பவர் ஒரு கோச்சியைப் பின்னுக்கு எடுக்க 12 நாள் காத்திருக்க வேண்டும். மீன் அதுவரை காத்திருக்காது. சுணங்கச் சுணங்கக் கூலி குறைந்து ஒன்றுமில்லாமல் போகும். கடன் வட்டி ஏறும். எஞ்சினின் வயது கூடும். பின்னால் வருகிற கோச்சிகள் ஒவ்வொன்றாக வந்து ஒட்டிக்கொள்ளும். அறுபது வைரம் கொடுத்து எடுத்தாலும், அடுத்த சுற்றில் அதே லூப்பில் அதே இரண்டும் மறுபடி முட்டுப்பட்டு நிற்கும், ஏனென்றால் சிக்னல் மாறவில்லை. மறுபடி மஞ்சள் பொத்தான்.

ஏ9 வீதியால் போகிறவர்கள் முறிகண்டியில் வாகனத்தை நிறுத்தி, பிள்ளையாருக்குக் காசு போட்டு, தேங்காய் உடைத்து, கச்சானும் வாங்கிக்கொண்டு போவார்கள். அது விரும்பிப் போடுகிற காசு. நீங்கள் ஒவ்வொரு லூப்பிலும் ஓர் உண்டியலை நட்டு, போடாவிட்டால் வண்டி நகராது என்கிறீர்கள். கச்சானும் தருவதில்லை.

இதைத் தவிர்க்க ஒரு குறுக்குவழி இருக்கிறது. லூப்புக்குப் பதிலாக இரண்டு மேடையுள்ள ஸ்டேஷனைக் கட்டினால், தானியங்கி முறை மேடைக்கு ஒவ்வொரு சிக்னலாக நடும். பிறகு எல்லாக் கோச்சியின் பயண அட்டவணையிலும் அந்த ஸ்டேஷனைச் சேர்த்து, ‘ஏற்றவும் வேண்டாம், இறக்கவும் வேண்டாம்’ என்று குறிக்க வேண்டும். குறிக்க மறந்தால் மீன் முழுவதையும் வாங்க ஆளில்லாத இடத்தில் இறக்கிவிட்டுப் போகும். வேலை செய்கிறதுதான். ஆனால் ஆறு கட்ட மேடை இரண்டுக்கும் கட்டுமானச் செலவு, ஒவ்வொரு மாதமும் பராமரிப்புச் செலவு, எதிர்க் கோச்சி இல்லாத நேரத்திலும் நின்று போகிற சுணக்கம். மூன்று லூப்புக்கு மூன்று ஸ்டேஷன் என்றால் சின்னப் பாதையின் இலாபம் அதிலேயே போய்விடும். இதை இங்கே எழுதியதால் அடுத்த அப்டேட்டில் இந்த ஓட்டையையும் அடைத்துவிடுவீர்களோ என்று ஒரு பயமும் இருக்கிறது. மற்றப் பிழைகளைத் திருத்தவும் அதே வேகத்தைக் காட்டினால் நன்றி சொல்வோம்.

இரட்டைப் பாதை போடுங்கள் என்று உங்கள் உதவிக் குறிப்பு அடிக்கடி வந்து சொல்கிறது. அருமையான யோசனை. வவுனியாவிலிருந்து காங்கேசன்துறை வரை நிலத்தில் கிடப்பது இன்றைக்கும் ஒற்றைப் பாதைதான். 1905 இல் காங்கேசன்துறை வரை பாதை முடிந்தது. 1956 இல் யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 இல் எல்லாம் நின்று, தண்டவாளமும் அதைத் தாங்கும் சிலிப்பர்க் கட்டையும் இல்லாமல் போய், மறுபடி புதிதாகப் போட்டு, 2013 செப்டெம்பரில் கிளிநொச்சிக்கும் 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்துக்கும் 2015 ஜனவரியில் காங்கேசன்துறைக்கும் கோச்சி வந்தது. இவ்வளவுக்குப் பிறகும் ஒற்றைப் பாதையாகவே போட்டார்கள், ஏனென்றால் ஓடுகிற கோச்சிக்கு அது காணும். ‘குறோசிங்குக்கு நிக்குது’ என்றால் பெட்டிக்குள் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் விளங்கும். பழைய முறையில் டேப்லட், அதாவது அனுமதி அடையாளமான உலோக வில்லை, கைக்கு வராமல் எஞ்சின் சாரதி அடுத்த பகுதிக்குள் போகமாட்டார். இப்போது வண்ண விளக்குச் சிக்னல். கருவிதான் வேறு, விதி அதேதான்: முன்னால் இடம் இருந்தால் மட்டும் புறப்படு. உங்கள் தானியங்கி முறைக்குத் தெரியாதது இந்த ஒரு விதிதான்.

விளையாட்டு உலகத்திலும் இது புதிய கண்டுபிடிப்பல்ல. 1994 இல் வந்த டிரான்ஸ்போர்ட் டைகூன் என்ற கணினி விளையாட்டில் சிக்னலைக் கையால் நடலாம். அடுத்த ஆண்டின் டீலக்ஸ் பதிப்பில் ஒருவழிச் சிக்னலும் வந்தது. அதன் வழியில் வளர்ந்த ஓப்பன்டிடிடியில் 2009 முதல், போகும் வழி காலியா என்று பார்த்து விடுகிற பாதை சிக்னல் இருக்கிறது. கோச்சியைத் திருப்பவும் ஒரு பொத்தான், சிவப்பைத் தாண்டிப் போகச் சொல்லவும் ஒரு பொத்தான். அது இலவசம். ஆன்ட்ரொயிட் போனிலும் ஓடும், இணைய இணைப்பும் தேவையில்லை. உங்கள் படங்கள் அதைவிட அழகு, தொடுதிரையில் தண்டவாளம் இழுப்பதும் சுகம், அதை மறுக்கவில்லை. அந்த ஒரு காரணத்துக்காகத்தான் இன்னும் இங்கே நின்று உங்களோடு மல்லுக்கட்டுகிறோம்.

இணையம் என்றதும் இன்னொன்று. ஓமந்தை தாண்டினால் பல இடங்களில் போனுக்குக் கவரேஜ் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். உங்கள் விளையாட்டோ திறக்கும்போது ஒருதரம், சேமிக்கும்போது ஒருதரம், விளம்பரத்துக்கு ஒருதரம் என்று இணையத்தைத் தேடுகிறது. முப்பது விநாடி விளம்பரம் பார்த்தால் 2 வைரம் என்கிறீர்கள். விளம்பரம் பாதியில் நின்றுபோனால் டேட்டா போகும், வைரம் வராது. ரீலோட் போட்ட காசில் உங்கள் விளம்பரதாரர்களை வாழவைக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இலங்கை வரைபடத்தில் நிலக்கரிச் சுரங்கம் வைத்ததைப் பற்றியும் பேசலாம். ஆனையிறவில் உப்பும், அந்த உப்பை வைத்துக் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் இருந்த நாடு இது. உப்புப் பெட்டியும் இரசாயனப் பெட்டியும் வைக்க இதைவிட நல்ல சங்கிலி வேண்டுமா? வவுனியாவுக்கு வடக்கே பச்சைக் காட்டை நிரப்பிவிட்டு நிலக்கரி தோண்டச் சொன்னவர் வன்னியை எங்கே பார்த்தாரோ.

சரி, அது வேறு கதை. கேட்க வந்ததை மறுபடி பணிவாகக் கேட்கிறோம். லூப் சிக்னலைத் திருப்பித் தாருங்கள். தானியங்கி முறையை எடுத்துவிடச் சொல்லவில்லை. விரும்புகிறவர்கள் அதிலேயே ஆடட்டும். அமைப்புப் பக்கத்தில் ‘சிக்னலைக் கையால் நடுவேன்’ என்று ஒரு தெரிவு வையுங்கள். பழைய கோப்புகளில் இருந்த சிக்னல்களை அப்டேட் அழித்துவிட்டது. அவற்றை மீட்டுத் தர வழியிருந்தால் தாருங்கள், இல்லையென்றால் நாங்களே மறுபடி நட்டுக்கொள்கிறோம். கோச்சியைத் திருப்பும் அம்புக்குறியையும் பழைய இடத்தில் வையுங்கள். மீட்பு எஞ்சின் விற்பதானால் பழுதாகி நின்ற கோச்சிக்கு விற்றுக்கொள்ளுங்கள், அதில் எங்களுக்கு வழக்கில்லை. உங்கள் சிக்னல் மறித்து வைத்த கோச்சிக்கு எங்களிடம் காசு கேட்காதீர்கள்.

‘உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்’ என்ற பதில் ஏற்கெனவே பலருக்கு வந்துவிட்டது. அதை மறுபடி அனுப்ப வேண்டாம். எந்தப் பதிப்பில் சிக்னல் திரும்ப வரும் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

இப்படிக்கு,
வன்னியிலிருந்து ஆடுவோர்

பின்குறிப்பு: உங்கள் வரைபடத்தில் கிளிநொச்சி ஆனையிறவுக்கு வடக்கே கிடக்கிறது, மாங்குளம் இல்லவே இல்லை. தெற்கிலிருந்து வரிசை இது: வவுனியா, ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம், முறிகண்டி, கிளிநொச்சி, பரந்தன், ஆனையிறவு, பளை. சிக்னலைத் திருத்தும்போது இதையும் ஒருக்கால் பார்த்துவிடுங்கள்.