சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

குறைந்த பட்ஜெட்டில் செடான் கார் வாங்குவது பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் நாளிதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மாருதியின் புதிய டிசையர் ஆறரை லட்சம், ஆறேழு வருடப் பழையது நாலரை லட்சம், ஆகவே இரண்டு லட்சம் மிச்சம் என்று அதில் கணக்குப் போட்டிருந்தார்கள். திண்டுக்கல்லில் 27 வருடமாக டிங்கரிங் பட்டறை வைத்திருக்கிறேன். மோதிய வண்டிகளைப் பிரித்துப் பூட்டுவதுதான் என் பிழைப்பு. பழைய கார் வாங்கியவர்கள் பெரும்பாலும் பணம் கொடுத்த பிறகுதான் என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் இந்தக் கடிதம்.

போன மாதம் என் அக்கா மகளுக்குக் கார் பார்த்தோம். சாணார்பட்டிப் பக்கம் அரசுப் பள்ளியில் ஆசிரியை. தினமும் போக வர முப்பது கிலோமீட்டர். இதுவரை ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தாள். கையில் மூன்று லட்சம் சேர்த்து வைத்திருந்தாள். "மாமா, டிசையர்தான் வேணும், அம்மாவுக்கு ஏறி இறங்க வசதியா இருக்கு, டிக்கியும் பெருசு" என்று முன்பே முடிவு செய்துவிட்டாள். புதியதா பழையதா என்பது மட்டும்தான் பாக்கி.

முதலில் புதிய வண்டியின் கணக்கு. 2024 நவம்பரில் நான்காம் தலைமுறை டிசையர் வந்தபோது ஆரம்ப விலை 6.79 லட்சம். 2025 செப்டம்பர் 22 முதல் இந்த அளவுச் சின்ன கார்களுக்கு வரி 29 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. ஏழு லட்சத்துக்கு விற்ற வண்டி இதனால் சுமார் 6.40 லட்சத்துக்கு இறங்கும். ஆனால் கட்டுரையில் இருந்தது ஷோரூம் விலை. அந்த விலைக்கு வண்டி ரோட்டுக்கு வராது. தமிழ்நாட்டில் ஐந்து லட்சத்துக்கு மேல் பத்து லட்சம் வரையுள்ள காருக்கு ஆயுள் வரி 13 சதவீதம். அதோடு இன்சூரன்ஸ், பதிவுச் செலவு. அவள் கேட்ட நடு வேரியன்ட் ரோட்டுக்கு வரும்போது ஏறக்குறைய எட்டரை லட்சம் ஆனது.

மூன்று லட்சம் முன்பணம் கட்டி, மீதி ஐந்தரை லட்சத்தை 9 சதவீத வட்டியில் ஐந்து வருடக் கடனாக வாங்கினால் மாதத் தவணை 11,400 ரூபாய்ச் சொச்சம். அப்புறம் பழைய கார்களை வாங்கி விற்கிற ஒரு கார் கன்சல்டிங்குக்குப் போனோம். 2019 பதிவு, பெட்ரோல், மீட்டரில் 52,000 கிலோமீட்டர், 5.40 லட்சம் என்றார்கள். அவர்களே நாலு லட்சம் கடன் ஏற்பாடு செய்து தருவார்களாம், வட்டி 13.5 சதவீதம், நாலு வருடம். தவணையைப் போட்டுப் பார்த்தேன். 10,830. முன்பணமும் கட்டும் வருடமும் இதில் குறைவுதான், ஆனாலும் ஆறு வருடப் பழைய வண்டிக்கும் புத்தம் புதிய வண்டிக்கும் மாதத் தவணையில் அறுநூறு ரூபாய் கூட வித்தியாசம் இல்லை. பழைய வண்டி வாங்குபவர்கள் இந்த ஒரு கணக்கை அவசியம் போட்டுப் பார்க்க வேண்டும். புதிய வண்டியின் விலை வரி குறைப்பால் இறங்கிவிட்டது. கன்சல்டிங்கில் கேட்கிற விலை அதே அளவுக்கு இறங்கியதாக எனக்குத் தெரியவில்லை.

இன்னொன்றும் அங்கே நடந்தது. "ஜி.எஸ்.டி. தனி" என்று முழு விலைக்கும் 18 சதவீதம் போட்டு ஒரு தாளில் எழுதிக் காட்டினார்கள். அது தவறு. பதிவு பெற்ற வியாபாரி தான் வாங்கிய விலைக்கும் விற்கிற விலைக்கும் நடுவில் உள்ள லாபத்துக்கு மட்டும்தான் அந்த வரியைக் கட்ட வேண்டும். தனி ஆள் தன் சொந்தக் காரை விற்றால் அந்த வரியே கிடையாது.

சரி, வண்டிக்கு வருகிறேன். வெள்ளை நிறம், பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி நின்றது. சென்னைப் பதிவு. ஒரு டாக்டர் ஓட்டியது, சிங்கிள் ஓனர் என்றார்கள். பானட் போல்ட்டுகளைப் பார்த்தேன், ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. கதவு ரப்பரை உரித்துப் பார்த்தேன், கம்பெனியில் வைத்த ஸ்பாட் வெல்டிங் புள்ளிகள் வரிசையாக, ஒரே இடைவெளியில் இருந்தது. இன்ஜின் பக்கவாட்டுத் தகடான ஏப்ரனிலும், இணைப்பில் கம்பெனி பூசிய பேஸ்டிங் கலையவில்லை. விரல் முட்டியால் நாலு கதவையும் தட்டினேன். தகரம் டங் டங் என்று பேசியது. அடிபட்ட பள்ளத்தை நிரப்பப் பட்டி பூசிய இடம் தொப்பென்று அமுங்கிக் கேட்கும், அப்படி எங்கும் இல்லை. அடிபடாத வண்டி என்று நானே சொல்லிவிட்டேன். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம்.

கடைசியாக டிரைவர் பக்க சீட் பெல்ட்டை இழுத்தேன். நாம் எல்லோரும் பெல்ட்டை மார்பு வரைதான் இழுப்போம். நான் ரீல் தீரும்வரை இழுத்தேன். கடைசி ஒரு சாண் நீளத்தில் பெல்ட்டின் நிறம் மாறியிருந்தது. அதுவரை கறுப்பு. அதற்கப்புறம் வெளுத்த காவி, நடுவில் ஒரு கோடு, டீ கறை காய்ந்தது மாதிரி. நகத்தால் சுரண்டினேன். மாவு போலப் பொடி உதிர்ந்தது. முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை. சீட்டை முன்னால் தள்ளித் தரைவிரிப்பின் ஓரத்தைத் தூக்கினால் சீட் ரெயிலின் அடியில் துரு. டிக்கியில் ஸ்டெப்னியைக் கழற்றினால் குழியின் மூலையில் காய்ந்த வண்டல்.

வண்டி வெள்ளத்தில் முழுகியிருக்கிறது. எந்த மழையில் என்று நான் சொல்ல முடியாது. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீரில் நின்றன என்பதை எல்லோரும் டி.வி.யில் பார்த்தோம். அப்படி நின்ற வண்டிகள் உள்ளே மாற்றி, கழுவி, மணக்க மணக்க வெளியூருக்கு வந்துவிடுகின்றன. தண்ணீர் ஏறிய வண்டியில் இன்ஜினைக்கூடச் சரி செய்துவிடலாம். எனக்குப் பயம் வேறு. ஏர்பேக்கை இயக்குகிற கன்ட்ரோல் யூனிட் பெரும்பாலான கார்களில் கியர் லீவர் பக்கத்தில் தரையை ஒட்டித்தான் இருக்கிறது. அதன் வயர் இணைப்பான கப்ளரில் துரு மாதிரிப் பச்சை பூத்துவிட்டால், என்றைக்கு அது வேலை செய்யாது என்பது மோதும் நாளில்தான் தெரியும். மோதிய வண்டிகளை நான் பிரிக்கிறவன். விரியாமல் போன ஏர்பேக்கைக் கையில் எடுத்திருக்கிறேன். அந்த வண்டியின் ஸ்டீயரிங் வளைந்திருந்த விதம் இன்றும் கண்ணில் நிற்கிறது.

அதே முற்றத்தில் இன்னொரு டிசையர், பழைய வடிவம், 2019 பதிவு, விலை மலிவு. அவள் அதையும் பார்த்தாள். வாசகர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். மூன்றாம் தலைமுறை டிசையர் 2017 மே மாதத்திலேயே வந்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய வடிவத்தில் தொடர்ந்து தயாரானது டாக்ஸிக்கான டூர் மாடல்தான். ஆகவே 2018, 2019 பதிவில் பழைய வடிவம் நின்றால், இன்று வெள்ளைப் பலகை மாட்டியிருந்தாலும், அது டாக்ஸியாக டி போர்டில் ஓடியிருக்கவே வாய்ப்பு அதிகம். டாக்ஸி ஓட்டுவது கௌரவமான தொழில், நன்றாகப் பராமரிக்கும் ஓட்டுநர்கள் என் வாடிக்கையாளர்களில் நிறையப் பேர். ஆனால் இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டியை அப்படிச் சொல்லித்தான் விற்க வேண்டும். அந்த வண்டியின் மீட்டர் 61,000 காட்டியது. கிளட்ச் பெடல் ரப்பரில் வரி ஒன்றுகூட மிஞ்சவில்லை. டிரைவர் சீட்டில் வலது ஓரத்துப் பஞ்சு அமுங்கி இரும்பு தட்டுப்பட்டது.

பிறகு பேகம்பூர் பக்கம் ஒரு ஓய்வுபெற்ற அலுவலர் நேரடியாக விற்கிறார் என்று நண்பர் சொன்னார். 2018 ஜூன் பதிவு, பெட்ரோல், 58,000 கிலோமீட்டர். டயரில் அச்சிட்ட கடைசி நாலு இலக்கம் நாலிலும் 1523, அதாவது 2023-ம் வருடத்தின் 15-வது வாரம் தயாரானது. அந்த வருடம் மாற்றிய ரசீது ஃபைலில் இருந்தது. பின் பம்பரில் ஒரு சுரண்டல். அதை மறைக்காமல் அவரே காட்டினார். அவரையும் கூட்டிக்கொண்டு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனோம். வண்டி எண்ணைப் போட்டதும் ஏழு வருட சர்வீஸ் கணக்கு வந்தது. ஒவ்வொரு முறையும் எத்தனையாவது கிலோமீட்டரில் விட்டார் என்பது வரிசையாக, எங்கும் குறையாமல் இருந்தது. பேசி முடித்தது 4.85 லட்சம்.

இந்த இடத்தில் நான் நேர்மையாகச் சொல்ல வேண்டும். பதிவு 15 வருடம் என்று வைத்தால் இந்த வண்டிக்கு 2033 ஜூன் வரை ஏழரை வருடம்தான் மீதி. பெயர் மாற்றம், இன்சூரன்ஸ், பிரேக் வேலை எல்லாம் சேர்த்து 5.15 லட்சம் ஆனது. வருடத்துக்கு 68,000 ரூபாய்க்கு மேல். எட்டரை லட்சப் புதிய வண்டியைப் பதினைந்து வருடமும் வைத்திருந்தால் வருடத்துக்கு 57,000-ஐத் தாண்டாது. வட்டியைச் சேர்த்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வரும். பழையது வாங்கினால் பெரிய லாபம் என்று அடித்துச் சொல்ல டிசையர் விஷயத்தில் இடமே இல்லை. இந்த வண்டிக்கு எப்போதும் கிராக்கி, விலை விழுவதில்லை.

பாதுகாப்பிலும் புதியதே ஒரு படி மேல். எல்லா வேரியன்ட்டிலும் ஆறு ஏர்பேக், குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஐந்து நட்சத்திரம். நாலு வழிச் சாலையில் தினமும் மதுரை போய் வருகிறவர் என்னிடம் கேட்டால், கடன் வாங்கியாவது புதியதை எடுங்கள் என்றுதான் சொல்வேன். பழையதுதான் முடியும் என்றால் 2017 மே மாதத்துக்குப் பிறகு வந்த வடிவத்துக்குக் கீழே இறங்க வேண்டாம். அதில் எல்லா வேரியன்ட்டிலும் இரண்டு ஏர்பேக்கும், பிரேக் அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற ஏ.பி.எஸ்.ஸும் உண்டு. அதற்கு முந்தியதில் கீழ் வேரியன்ட்டுகளில் அவை கிடையாது. டீசல் வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். 2020-ல் அந்த இன்ஜினையே நிறுத்திவிட்டார்கள். நல்ல இன்ஜின்தான், ஆனால் தினமும் முப்பது கிலோமீட்டர் ஓடுகிறவருக்கு டர்போவும் இன்ஜெக்டரும் வைக்கிற செலவுக்கு நியாயம் இல்லை.

அவள் 2018 வண்டியைத்தான் எடுத்தாள். மகள் அடுத்த வருடம் கல்லூரிக்குப் போகிறாள், ஐந்து வருடம் மாதம் பதினோராயிரம் கட்ட முடியாது என்றாள். பற்றாத பணத்தை ஆசிரியர்கள் கூட்டுறவுச் சங்கத்தில் வாங்கிக்கொண்டாள். ஓட்டப் பழகுகிற கைக்கு அந்த நாலு சிலிண்டர் இன்ஜின் சாதுவாக இருக்கிறது. புதியதில் மூன்று சிலிண்டர். மைலேஜ் கூடுதல், ஆனால் சிக்னலில் நிற்கும்போது லேசான அதிர்வு கையில் தெரிகிறது.

விற்றவரையும் சும்மா விடவில்லை. அன்றே 29, 30 படிவங்களில் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்துக்குக் கொடுத்தோம். பலர் கன்சல்டிங்கில் வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள். வண்டி யாரிடமோ போய் விபத்து நடந்தால், பதிவில் பெயர் இருப்பவர்தான் பொறுப்பு என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். இழப்பீடு கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கிற 'நோ கிளைம் போனஸ்' தள்ளுபடி விற்றவரோடு போய்விடும், வண்டியோடு வராது.

இவ்வளவும் பார்க்க அவளுக்கு ஒரு டிங்கர் மாமா இருந்தான். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? வெள்ளத்தில் முழுகியது என்ற குறிப்பை இத்தனை வருடத்தில் நான் ஒரு ஆர்.சி.யிலும் பார்த்ததில்லை. எஃப்.சி., இன்சூரன்ஸ், கடன் எல்லாம் செல்போனில் வண்டி எண்ணைப் போட்டால் வருகிறது. முழுச் சேதம் என்று இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்து முடித்த வண்டி எது என்பதும் அதே இடத்தில் வர வேண்டும். ஒவ்வொரு சர்வீஸின்போதும் கிலோமீட்டர் பதிவாக வேண்டும். போக்குவரத்துத் துறை மனது வைத்தால் முடிகிற வேலை, தாங்கள் இதைத் தலையங்கத்தில் எழுத வேண்டும்.

அதுவரை தங்களாலேயே ஒன்று முடியும். புதன்கிழமைகளில் வருகிற வரி விளம்பரப் பகுதியில் 'டிசையர், நல்ல கண்டிஷன், சிங்கிள் ஓனர்' என்று ஒரு வரியும் செல்போன் எண்ணும்தான் இருக்கின்றன. பதிவு மாதமும் வருடமும், எத்தனையாவது உரிமையாளர், டி போர்டில் ஓடியதா என்ற மூன்றையும் எழுதாத கார் விளம்பரத்தை வாங்காதீர்கள். கூடுதலாக எழுதுகிற வரிகளுக்குக் கட்டணம் கேட்டாலும், ஒளிக்க ஒன்றுமில்லாதவர் கொடுத்துவிடுவார்.

இப்படிக்கு,
டிங்கரிங் பட்டறைக்காரர்,
திண்டுக்கல்.